இட்லி மாவுக்கு எந்த உறை? ஓசூர் கடை ஒன்றுக்காகப் போட்ட கணக்கு

ஜனவரி மாதம், விடிகாலை ஐந்து மணி இருக்கும். ஓசூரிலிருந்து அண்ணி போன். “தம்பி, நாலு வாளி மாவும் வெச்சது வெச்ச மாதிரியே உட்கார்ந்திருக்கு. ஹாஸ்டல் வண்டி ஆறரைக்கு வந்துடும். உங்க லேப்ல என்னமோ பாக்டீரியா வளர்க்கிறீங்களே, அதுல கொஞ்சம் கொடுத்தா என்ன?”

அன்றைக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கொடுத்திருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் எந்தக் கிருமியும் நாலு வாளி மாவைத் தூக்கிவிடாது. அண்ணி சோடா உப்பைப் போட்டுச் சமாளித்துவிட்டார். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்து, வெள்ளித்தாள் பையில் ‘ஸ்டார்ட்டர் கல்ச்சர்’, அதாவது மாவுக்கான உறை, என்று ஒரு பொடியைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். இதைப் போட்டால் மழையோ பனியோ, மாவு ஒரே மாதிரி பொங்குமாம். தினம் ஐம்பது கிலோ மாவு ஆட்டுகிற கடைக்கு அது தேவையா, வீட்டில் செய்கிற மாதிரி பழைய மாவைக் கலந்தால் போதாதா, இல்லை எதையுமே சேர்க்காமல் விடுவதுதான் சரியா? நான் வேலை பார்ப்பது உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சோடா உப்பை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். ஒரு நாள் மானத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். வாயு வரும், புளிப்பு வராது. கொஞ்சம் கூடினால் இட்லி மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிக்கும். பேக்கரி ஈஸ்ட்டும் அப்படித்தான். மாவு பொங்கும், இட்லியில் பன் வாசனை வரும். ஓசூரில் அதைக் கண்டுபிடிக்காத வாடிக்கையாளர் கிடையாது.

மீதி மூன்று வழிகளை எடைபோடுவதற்கு முன்னால், வாளிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் பொடி வாங்குவது, நோய் தெரியாமல் மாத்திரை வாங்குவது போலத்தான்.

வாளிக்குள் யார் யார்

இட்லி மாவின் கிருமிகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1965-ல் வந்தது. நடந்த இடம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற சிற்றூரில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் ஆய்வு நிலையம். முகர்ஜி, பீடர்சன், ஸ்டெயின்க்ராஸ் முதலானோர் சேர்ந்து செய்தது. இதில் பீடர்சன் சவர்க்கிராட் ஆள். அதாவது முட்டைகோஸைச் சீவி உப்பில் அழுத்திப் புளிக்க வைக்கிற ஐரோப்பியப் பண்டத்தின் கிருமிகளை 1930-லேயே வரிசைப்படுத்தியவர். இட்லி மாவைப் பார்த்தால், அந்த முட்டைகோஸைத் தொடங்கிவைக்கும் அதே பாக்டீரியாதான் இங்கேயும் முதல் ஆளாக நிற்கிறது: லியுகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ்.

இது உளுந்தோடு வருகிறது. ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்கி, ஆட்டிய பிறகு இன்னும் வேகமாகப் பெருகுகிறது. ‘கைராசி’ என்று நாம் சொல்வதற்கு ஆய்வகத்தில் பெரிதாக ஆதாரம் இல்லை. கை வைத்துக் கரைக்காத மாவும் புளிக்கத்தான் செய்கிறது. (இதை அண்ணியிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை வைத்து, அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.)

லியுகோநாஸ்டாக் ஒரு குளுக்கோஸை உடைத்தால் ஒரு பங்கு லாக்டிக் அமிலம், ஒரு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கரியமில வாயு கிடைக்கும். மாவைத் தூக்குவது அந்த வாயு. கூடவே என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற இன்னொன்று அமிலத்தைக் கூட்டுகிறது. நேரம் போகப் போகப் பீடியோகாக்கஸும் சில லாக்டோபேசில்லஸ் இனங்களும் தலைதூக்குகின்றன. பீடியோகாக்கஸ் குளுக்கோஸை உடைத்தால் முழுக்க லாக்டிக் அமிலம்தான், வாயு கிடையாது. அதனால்தான் மாவு முதலில் பொங்குகிறது, அப்புறம் புளிக்கிறது, அதற்கும் அப்புறம் பொங்கினது அடங்கிப் புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஈஸ்ட்டும் பல மாவுகளில் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட் இல்லாமலே மாவு பொங்கும் என்பது அந்த 1965 ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. புளிப்பை அளக்கும் பிஹெச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஆட்டியவுடன் 6-க்குப் பக்கத்தில் இருக்கும். பக்குவத்துக்கு வரும்போது 4.3-லிருந்து 5.3-க்குள் இறங்கியிருக்கும்.

வாயு வந்தால் மட்டும் போதுமா? அதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டும். அந்த வேலையை உளுந்தின் புரதமும் அரபினோகாலக்டன் என்ற வழுவழுப்பான கூட்டுச்சர்க்கரைப் பொருளும் சேர்ந்து செய்கின்றன. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970-களில் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நம் ஊரில் ‘புது உளுந்து உபரி காணும்’ என்று சொல்வார்களே, அது இந்தப் பிடிமானத்தைப் பற்றிய பேச்சுதான். உளுந்து சரியில்லை என்றால் ஆய்வகத்தின் மிகச் சிறந்த கிருமியைக் கொட்டினாலும் வாயு மாவைவிட்டு வெளியேறிவிடும். அண்ணியின் உளுந்து நல்ல உளுந்து. ஆகவே சந்தேகம் வேறு இரண்டின் மேல் விழுந்தது: குளிர், கிருமி எண்ணிக்கை.

எண்ணிக்கையும் குளிரும்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நன்றாகப் புளித்த மாவில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 100 கோடி லாக்டிக் பாக்டீரியா இருக்கும். ஆட்டி முடித்தபோது கிராமுக்கு 10 லட்சம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மடங்கு பெருக வேண்டும், அதாவது பத்து முறை இரட்டிக்க வேண்டும். 30 டிகிரியில் மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் பத்து மணி நேரம். இரவு எட்டு மணிக்கு மூடி வைத்தால் காலை ஆறு மணிக்குத் தயார். ஓசூரின் ஜனவரி இரவில் இரட்டிக்க இரண்டு மணி நேரம் எடுத்தால், அதே மாவுக்கு இருபது மணி நேரம் வேண்டும். ஹாஸ்டல் வண்டி காத்திருக்காது.

இப்போது பழைய மாவைக் கலந்தால்? ஐம்பது கிலோவுக்கு ஒரு கிலோ பழைய மாவு, அதாவது 2 சதவீதம். கிராமுக்கு 2 கோடி கிருமியோடு ஓட்டம் தொடங்குகிறது. ஆறு முறை இரட்டித்தால் போதும். சூடான இடத்தில் ஆறு மணி நேரம், குளிரில் பன்னிரண்டு.

பொடிக்கு வருவோம். உறைநிலையில் உலர்த்திய பொடிகளில் கிராமுக்கு 10,000 கோடி வரை உயிருள்ள செல்கள் இருக்கும். ஐம்பது கிலோ மாவுக்கு, கிராமுக்கு 10 லட்சம் வீதம் போட வேண்டுமானால் அரை கிராம் பொடி போதும். கேட்க மந்திரம் போல இருக்கிறது. ஆனால் மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோ பழைய மாவு தருகிற எண்ணிக்கையில் இது இருபதில் ஒரு பங்கு. அதற்கு ஈடாக வேண்டுமானால் பத்து கிராம் போட வேண்டும், செலவும் இருபது மடங்கு. உலர்ந்த செல் தண்ணீர் குடித்து விழித்தெழவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். எண்ணிக்கைக்காகத்தான் பொடி என்றால், அந்த வாதம் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறது. பொடியின் நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. குளிர் நேரத்தை இரட்டிப்பாக்குகிறது. எந்த உறையைப் போட்டாலும் அந்த இரட்டிப்பு அப்படியே நிற்கிறது. உறை ஓட்டத்தின் தொடக்கக் கோட்டைத்தான் முன்னால் நகர்த்தும், ஓடுகிற வேகத்தைக் கூட்டாது.

எதையும் சேர்க்காமல் விடுவது

இது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் ஆண்டின் பெரும்பகுதி இதுவே போதும். செலவு இல்லை, ஒவ்வொரு நாளும் உளுந்திலிருந்து புதிதாகத் தொடங்குவதால் நேற்றைய பிழை இன்றைக்கு வராது. உளுந்து மூட்டை மாறும்போது நடத்தை மாறும், குளோரின் அதிகம் போட்ட தண்ணீர் வந்த நாளில் கொஞ்சம் மந்தமாகலாம். தொடக்கம் மெதுவாக இருந்து அமிலம் ஏறத் தாமதமானால், அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் போன்ற வேண்டாத கிருமிகளுக்கு அவகாசம் கிடைக்கும். வீட்டுக்கு இது சரி. நேரத்துக்கு வண்டி ஏற்ற வேண்டிய கடைக்குக் குளிர்காலத்தில் சரிவராது.

பழைய மாவு

உலகத்தின் மிகப் பழைய உறை முறை இதுதான். தயிருக்குச் செய்வதையே மாவுக்கும் செய்கிறோம். மேலே போட்ட கணக்கில் இது ஜெயித்தும் விட்டது. பிறகு ஏன் அண்ணி இதை விட்டுவிட்டார்?

கேட்டேன். “போன சித்திரையில செஞ்சு பார்த்தேன் தம்பி. முதல் வாரம் அருமையா இருந்துச்சு. போகப் போகப் பொங்கறது குறைஞ்சு புளிப்பு மட்டும் ஏறுச்சு. மத்தியானத்துக்கே தோசை புளிக்குதுன்னு ரெண்டு பேர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க.”

அண்ணி சொன்னதைக் கேட்டதும் ஜெனீவா முட்டைகோஸ் நினைவுக்கு வந்தது. பழைய ஊறல் நீரை ஊற்றிப் புதுத் தொட்டியைத் தொடங்கினால் சவர்க்கிராட் கெட்டுப்போவது அங்கே பழைய பிரச்சினை. காரணம் வரிசைதான். லியுகோநாஸ்டாக் முதலில் வரும், அமிலம் ஏறினால் முதலில் ஓயும். கடைசி வரை தாக்குப்பிடிப்பவை அமிலம் தாங்கும் லாக்டோபேசில்லஸும் பீடியோகாக்கஸும். அண்ணி எடுத்துவைத்தது எந்த மாவு? விற்று மீந்த மாவு, சாயங்காலம் வாளியின் அடியில் நின்றது, நன்றாகப் புளித்தது. அதில் தூக்குகிறவன் ஓய்ந்துபோய்ப் புளிக்கவைக்கிறவன் மட்டும் கொழுத்திருப்பான். அதிலிருந்து ஒரு கிலோ எடுத்து மறுநாள் மாவில் கலந்தால் முதல் ஆட்டத்தைத் தாண்டி நேரே கடைசி ஆட்டத்துக்குப் போகிறோம். தினம் தினம் இப்படிச் செய்தால் அமிலம் தாங்கிகளுக்கு நாமே தேர்தல் நடத்தி ஓட்டுப் போடுகிறோம்.

ஆக, பழைய மாவில் கோளாறு இல்லை, எடுக்கும் நேரத்தில்தான். மாவு உச்சிக்கு ஏறி, நடுவில் இன்னும் குழியாமல் இருக்கும்போது ஒரு டப்பாவில் எடுத்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் கதை வேறு. அப்படி வைத்தாலும் ஒரு குறை மிஞ்சும். ஒரு நாள் வாளி சரியாகக் கழுவாமல் ஏதாவது புகுந்துவிட்டால், அது அடுத்த நாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் சேர்ந்தே பயணப்படும். சங்கிலி எங்கே கெட்டது என்று பின்னால் போய்த் தேடவும் முடியாது, ஏனென்றால் நல்ல நாளின் மாவு கையில் இல்லை.

ஆய்வக உறை

இங்கேதான் எனக்குத் தொழில்முறையில் ஆசை அதிகம், ஆகவே இங்கேதான் என்னை நானே அதிகம் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

தூய உறை என்ற எண்ணம் பீர் ஆலையில் பிறந்தது என்று சொல்லலாம். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து வளர்த்த உறையை ஆலைக்குக் கொடுத்தார். கொஞ்ச வருடத்தில் டென்மார்க்கின் வெண்ணெய் ஆலைகளும் தூய பாக்டீரியா உறைக்குப் போயின. இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு: உறை போடும் முன் பீருக்கான தானியச் சாற்றைக் கொதிக்க வைக்கிறார்கள், பாலேட்டைச் சூடாக்குகிறார்கள். நம் வீட்டிலும் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பிறகுதான் உறை ஊற்றுகிறோம். குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டுப் புதுக் குடித்தனத்தை வைக்கிறோம்.

இட்லி மாவைக் காய்ச்ச முடியுமா? காய்ச்சினால் கஞ்சி. உளுந்தின் பிடிமானமும் போய்விடும். ஆக, மாவில் எந்த உறையைப் போட்டாலும் அது ஏற்கனவே நிறைந்த வீட்டில் இன்னொரு வாடகைக்காரர். பொடி விற்பவர் இதைச் சொல்வதில்லை. ‘இந்த இனத்தால்தான் பொங்கியது’ என்று ஒரு ஆய்வறிக்கையைக் காட்டினால், மாவை முதலில் கிருமி நீக்கம் செய்தார்களா, எப்படிச் செய்தார்கள், எதுவும் சேர்க்காத மாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத படத்தில் பொங்கியது உளுந்தின் சொந்தக் கிருமியாகவும் இருக்கலாம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கொரியர்கள் காரம் போட்டுப் புளிக்கவைக்கும் கிம்ச்சியும் காய்ச்சாத காய்தான். ஆனாலும் கொரியாவின் பெரிய கிம்ச்சி ஆலைகள் லியுகோநாஸ்டாக் உறையைப் பயன்படுத்துகின்றன. குவாங்ஜூவில் 2010-ல் கிம்ச்சிக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். எண்ணிக்கையை அள்ளிக் கொட்டினால், குளிரில் மற்றவை மந்தமாக இருக்கும்போது போட்டது ஜெயிக்கிறது. ஏற்றுமதிக்கு ஒவ்வொரு டப்பாவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் அந்தச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. பொடியின் நியாயம் வேறு இடத்தில் என்றேனே, அது இதுதான்: வேகத்துக்காக வாங்குவதைவிட, நாளை, அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று எப்போதும் ஒரே மாதிரி வருவதற்காக வாங்கலாம்.

சரி, ஆய்வக உறை என்று முடிவு செய்தால் அதை எங்கிருந்து எடுப்பது?

கடைப் பொடி சுலபம். கேட்க வேண்டியவை: பையில் இனத்தின் பெயர் முழுதாக இருக்கிறதா, கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல் என்று போட்டிருக்கிறதா, எந்தக் குளிரில் வைக்கச் சொல்கிறது. அண்ணியிடம் வந்த பையில் முதல் இரண்டும் இல்லை. உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைக்க வேண்டிய பொருள் மே மாதக் கூரியரில் மூன்று நாள் கிடந்து வந்தால், நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் செத்த செல்கள். அப்புறம் ஒரு சில்லறைச் சங்கடம்: கடைத் தராசில் அரை கிராம் நிற்காது.

நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களிலிருந்து வாங்கலாம். சண்டிகரில் 1986-லிருந்து இருக்கிறது எம்.டி.சி.சி. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஒன்று, கர்னாலின் பால்வள ஆய்வு நிலையத்தில் பால் உறைகளுக்கென்றே ஒன்று. அடையாளம் உறுதியான இனம், சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஆய்வுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் அந்தக் குப்பி உணவுக்காகப் பெருக்கியது அல்ல. பெருக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. லாக்டிக் பாக்டீரியாவை வளர்க்க ஆய்வகங்கள் வழக்கமாக எடுப்பது எம்.ஆர்.எஸ். என்ற ஊடகம், 1960-ல் டி மான், ரோகோசா, ஷார்ப் என்ற மூவர் வகுத்தது. அதில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கிறது. சைவ இட்லி மாவு என்று பச்சைப் புள்ளி குத்திய பாக்கெட்டுக்குள் அதில் வளர்ந்த உறையை ஊற்ற முடியாது. ஈஸ்ட் சாறும் சர்க்கரையும் வைத்துச் சைவ ஊடகம் தயாரித்து அதில் பழக்கித்தான் மாவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பல மாணவர்கள் ஆய்வேடு முடியும் தறுவாயில்தான் யோசிக்கிறார்கள்.

மூன்றாவது, நம் மாவிலிருந்தே பிரித்தெடுப்பது. எனக்குப் பிடித்த வேலை. அண்ணியின் மாவு நன்றாகப் பொங்கிய ஒரு நாளில் ஒரு டப்பா வாங்கி வந்தேன். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, சர்க்கரை கூடுதலாகப் போட்ட தட்டில் பரப்பி வைத்தேன். இரண்டு நாளில் சில இடங்களில் மட்டும் கண்ணாடி போலப் பளபளக்கும் சளிக் குமிழ்கள். சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றும் லியுகோநாஸ்டாக்கின் முத்திரை அது. கரும்பு ஆலையில் சாறு வழுவழுத்துப்போவதற்கும் இதே ஆள்தான் காரணம். அங்கே எதிரி, இங்கே நமக்குச் சமையல்காரர். ஊசியால் தொட்டால் சளி நூலாக நீண்டு வந்தது.

அதை ஒரு குழாயில் வளர்த்து, உள்ளே தலைகீழாக ஒரு குட்டிக் குழாயையும் போட்டேன். வாயு விட்டால் குட்டிக் குழாயின் தலையில் குமிழ் சேரும். வழக்கமான எம்.ஆர்.எஸ்.-ல் சிட்ரேட் இருக்கிறது, அதிலிருந்தும் வாயு வரலாம் என்பதால் சிட்ரேட் இல்லாமல் தயாரிக்க வேண்டும். மறுநாள் காலை உளுந்தளவு குமிழ் நின்றது. நுண்ணோக்கியில் ஊதா நிற உருண்டைகள், இரண்டிரண்டாக, சின்னச் சங்கிலியாக. பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்த பீடியோகாக்கஸ் நாலு கோலிக்குண்டைச் சதுரமாக வைத்தது போல இருந்தது. மாவிலிருந்து நேரடியாகப் பார்த்தால் இந்த அழகு எதுவும் தெரியாது, மாவுச்சத்துத் துகள்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இத்தோடு முடியாது. பெயரை உறுதிசெய்ய 16எஸ் மரபணு வரிசை பார்க்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படுகிறதா என்று சோதிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பழைய ஆய்வின் இரண்டாவது நாயகன் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸை வெளியே அனுப்பியே ஆக வேண்டும். தானாகப் புளிக்கும் மாவில் அது இருப்பது வேறு, நாமே வளர்த்துக் கொட்டுவது வேறு. மருந்துகளுக்கு அடங்காத குணத்தைப் பரப்பக்கூடிய இனம் என்பதால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாதுகாப்பான இனங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை. லியுகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸுக்கு இருக்கிறது. பிரித்தெடுத்ததை விற்க நினைத்தால் 2002-ன் பல்லுயிர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், அது நுண்ணுயிர்களையும் சேர்த்தே பேசுகிறது.

ஒற்றை இனமா, கலவையா என்ற கேள்வியும் இருக்கிறது. என் வாக்கு கலவைக்கு. லியுகோநாஸ்டாக் மட்டும் ஓங்கிய மாவில் இட்லி பஞ்சாக வரும், நாக்கில் ஒன்றும் நிற்காது. கொஞ்சம் பீடியோகாக்கஸோ லாக்டோபேசில்லஸோ இருந்தால்தான் இட்லிக்கு இட்லி வாசனை. இன்னொரு காரணம், பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள். நியூசிலாந்தின் பாலாடைக்கட்டி ஆலைகளில் ஒற்றை இன உறைகள் திடீர் திடீரென்று செத்துப்போக, 1935-ல் வைட்ஹெட்டும் காக்ஸும் அது வைரஸின் வேலை என்று கண்டுபிடித்தார்கள். புளிக்கும் முட்டைகோஸிலும் லியுகோநாஸ்டாக்கைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. ஒரே இனத்தை ஒரே வாளியில் தினமும் போடுகிற கடை, அதற்கு வாசலைத் திறந்துவைக்கிறது.

ஆறு உருளைகள்

பேச்சு போதும் என்று ஒரு சனிக்கிழமை ஓசூருக்கே போனேன். ஆய்வகத்திலிருந்து ஆறு அளவு உருளைகள், பிஹெச் தாள், என் லியுகோநாஸ்டாக் குழாய். ஒரே மாவை ஆறிலும் நூறு மில்லி கோடு வரை ஊற்றினோம். இரண்டில் எதுவும் சேர்க்கவில்லை, இரண்டில் உச்சியில் எடுத்த பழைய மாவு, இரண்டில் என் உறை. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கடைத் தரையில் வைத்தோம். மற்ற மூன்றையும் அண்ணன் பழுதான ஃப்ரிட்ஜின் உடம்புக்குள் ஒரு பல்பும் தெர்மோஸ்டாட்டும் மாட்டிச் செய்துகொடுத்த பெட்டியில் 30 டிகிரியில் வைத்தோம்.

காலையில் பெட்டிக்குள் இருந்த மூன்றும் இரட்டிப்பாகியிருந்தன. முதல் பார்வையில் எது எது என்று ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பழைய மாவு போட்டது மட்டும் உச்சிக்குப் போய்த் திரும்பி, உருளையின் சுவரில் கோடு விட்டிருந்தது. தரையில் வைத்ததில் எதுவும் சேர்க்காதது அசையவே இல்லை. என் உறை போட்டது கொஞ்சம் எழுந்திருந்தது. பழைய மாவு போட்டது அதைவிடக் கூடுதலாக, ஆனால் விற்கும் அளவுக்கு இல்லை.

அண்ணி உருளைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப பாக்டீரியா வாங்கறதுக்கு முன்னாடி பல்பு வாங்கணும்” என்றார். ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு மாவு. இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத மாட்டேன். ஆனால் கடைக்கு முடிவெடுக்க எனக்கு இது போதுமானதாக இருந்தது.

எடுத்த முடிவு

முதல் செலவு சூட்டுக்கு. ஒரு ஆள் உயரப் பெட்டி, நாலு வாளி கொள்ளும். இருபது லிட்டர் வாளியின் நடுப்பகுதி சூடேற வெகுநேரம் ஆகும் என்பதால், குளிர்காலத்தில் ஆட்டும்போதே வெதுவெதுப்பான தண்ணீர். வெயில் காலத்தில் நேர் எதிராக, கிரைண்டர் சூட்டை அடக்க ஐஸ் தண்ணீர்.

உறைக்குப் பழைய மாவும் ஆய்வகமும் கலந்த ஒரு வழி. அருமையாக வந்த ஒரு நாளின் மாவை, உச்சியில் இருக்கும்போது எடுத்து, கொதிக்கவைத்துக் கழுவிய சின்ன டப்பாக்களில் பிரித்து உறைபெட்டியில் போட்டோம். ஆய்வகத்தில் நாங்கள் இனங்களை கிளிசரின் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பதன் ஏழை உறவு இது. வாரத்துக்கு ஒரு டப்பா எடுத்து, அதிலிருந்து ஒரு கிலோ தாய்மாவு புளிக்க வைத்து, அதை முதல் நாள் மாவில் கலந்து, அந்த வாரம் முழுக்க முந்தின நாள் மாவை உச்சியில் எடுத்துப் பயன்படுத்துவது. அடுத்த வாரம் போன வாரத்து மாவைத் தொடுவதில்லை, மறுபடி உறைபெட்டி டப்பா. சங்கிலி ஏழு நாளுக்கு மேல் நீளாது, புளிப்பன்கள் தேர்தலில் ஜெயிக்க நேரம் கிடைக்காது. வீட்டு உறைபெட்டியில் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் எந்த டப்பாவையும் வைப்பதில்லை, அதற்குள் இன்னொரு நல்ல நாளின் மாவு வந்துவிடும்.

பொடியை யாருக்குச் சொல்வேன்? நாலைந்து ஊரில் ஆலை வைத்து, எல்லாப் பாக்கெட்டும் ஒரே சுவையில் வர வேண்டும் என்று நினைக்கும் நிறுவனத்துக்கு. சோதிக்க ஆள் இருக்க வேண்டும், ஆலைவரை குளிர் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வாங்கினாலும் இரண்டு மூன்று இனக் கலவையாக வாங்க வேண்டும், மாற்றிப் போட இன்னொரு கலவையும் கையில் இருக்க வேண்டும். அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. லியுகோநாஸ்டாக் குளிரிலும் முழுசாகத் தூங்காது. கடை ஃப்ரிட்ஜில் பாக்கெட் பலூன் மாதிரி வீங்கி நிற்பது பெரும்பாலும் அதன் வேலை. பொங்கவைக்கத் தேர்ந்தெடுத்த இனமே பாக்கெட்டையும் கிழிக்கும் என்பதால், குளிரில் மந்தமாகும் இனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர் யாராவது தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் பிரித்தெடுத்த இனம் இப்போது எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில், ‘அண்ணி-3’ என்று எழுதிய குப்பியில் இருக்கிறது. ஓசூர்க் கடையில் அதற்கு வேலை வரவில்லை. அங்கே உறைபெட்டியின் மேல்தட்டில் பன்னிரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் தேதி. போன வாரம் போனபோது ஒரு டப்பாவில் மட்டும் தேதிக்குப் பக்கத்தில் ‘கைராசி’ என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.